ஓங்கலை இடித்த கெண்டைக்கால்

வியாகப்பருக்குத் தோளில் வலி. காதில் அதைவிட வலி. தோள் வலிக்குக் காரணம், துறைமுகத்தில் முப்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டியது. காது வலிக்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொம்பையா.

தூத்துக்குடியில் மெர்லின் டாக்டரம்மாவின் பிசியோதெரபி நிலையம் அது. வெளியே ஒரு நீள பெஞ்சு, உள்ளே ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் 'ங்ங்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். பெஞ்சில் மூன்று பேர். தோளுக்கு வியாகப்பர், கழுத்துக்குச் சண்முகக்கனி, காலுக்குக் கொம்பையா. கனிக்குக் கழுத்தில் பட்டை. ஆமாம் என்று தலையாட்டவும் வழியில்லை, இல்லை என்று ஆட்டவும் வழியில்லை. கொம்பையாவுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

கொம்பையா உப்புக் கம்பெனியில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். வயது ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை நடக்கிற போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தான். நாலு கிலோமீட்டர் கடல் நீச்சல். ஈரம் காய்வதற்குள் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். ட்ரையத்லான் என்கிறார்கள். புத்தி உள்ளவன் அந்தப் பக்கம் போகமாட்டான்.

பேர் கொடுத்த இடத்தில் வாய் சும்மா இருந்திருக்கலாம். இடது கெண்டைக்கால் சதை பிடித்த கதையைப் போட்டி நடத்துகிறவர்களிடமே அளந்துவிட்டான். "அப்படியா? வைத்தியம் பார்க்கிறவங்ககிட்ட, கால் சரியாயிட்டுன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று ஒரு படிவத்தை நீட்டிவிட்டார்கள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஸ்டேடியம் ஆபீசில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார்கள். இப்போது மணி பதினொன்று. படிவம் அவன் மடியில் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்த மனுஷன் அன்றைக்குச் செய்த ஒரே நிஜமான காரியம் அதுதான்.

"காலுக்கு என்ன தம்பி?" என்று கேட்டுத் தொலைத்தாள் கனி.

"ஓங்கல் இடிச்சுட்டுக்கா, அதான் டால்பின். முயல் தீவுக்கு அங்கிட்டு நீந்திப் பழகிட்டு இருந்தேன்."

வியாகப்பருக்குப் பொறுக்கவில்லை. கடல் விஷயம். "ஓங்கல் மனுஷனை இடிக்காதுவே. அது ஒதுங்கிப் போற சாதி."

"யாரு இல்லைன்னா? அது ஒதுங்கத்தான் பாத்துச்சு அண்ணாச்சி. எனக்கு முன்னால போய்க்கிட்டு இருந்துச்சு. நான் போன வேகத்துல பின்னால போய் இடிச்சுட்டேன். அது திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, சைக்கிள்ல போறவனை லாரிக்காரன் பாப்பாம்லா, அப்படி."

கனி சிரித்தாள். சிரித்தால் கழுத்து இழுத்தது. "ஏ தம்பி, மெதுவாச் சொல்லு."

"மெதுவா எனக்கு வராதுக்கா. போன செவ்வாக்கிழமை பாத்துக்கிடுங்க, மிதவையைத் தொட்டுட்டுத் திரும்பணும்னு போனேன். மிதவை தட்டுப்படல. இன்னும் கொஞ்சம் போவோம், இன்னும் கொஞ்சம் போவோம்னு போனா, ஒரு கரை. ஒருத்தன்கிட்ட 'இது எந்த ஊரு?'ன்னா, அவன் சிங்களத்துல பேசுதான்."

"இலங்கைக்கு எத்தனை மைல் தெரியுமாவே?"

"மைலை எவன் எண்ணுனான்? கை போட்டதுதான் கணக்கு. நானூத்திப் பதினொண்ணு. அங்கன ஒரு கடையில டீ நல்லா இருந்துச்சு. நம்ம வீட்டுக்காரிக்கும் ஒண்ணு பார்சல் கட்டிக்கிட்டு வந்தேன். குடிச்சுட்டு நாக்கைச் சுட்டுட்டுன்னு ஏசுதா."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்வே. நீந்தற ஆளு டீயை எதுலவே பிடிச்சீரு?"

"வாயிலதான். பார்சல் கவரைப் பல்லுல கடிச்சுக்கிட்டேன். அதனாலதான் திரும்பி வரும்போது கொஞ்சம் தாமசம். மூச்சு விட முடியல பாருங்க."

வியாகப்பர் சுவரைப் பார்த்தார். சுவரில் எலும்புக்கூட்டுப் படம். அதுவும் இளித்துக்கொண்டிருந்தது.

"சைக்கிள் எப்படி தம்பி?" கனி விடவில்லை. அவளுக்குக் கழுத்துதான் போயிருந்தது, ஆர்வம் போகவில்லை.

"சைக்கிளைச் சொல்லாதீங்க. அதனால எனக்குக் கம்பெனியில கெட்ட பேரு. வியாழக்கிழமை திருச்செந்தூர் ரோட்டுல மிதிக்கேன். ரெண்டு பக்கமும் உப்பளம். நான் போன காத்துல, ஒரு மாசம் காயவேண்டிய தண்ணி அப்படியே உப்பா உறைஞ்சு போச்சு. உப்பு அள்ளுற பொம்பளைங்க ரோட்டை மறிச்சு, 'அண்ணாச்சி, வடக்குப் பாத்திப் பக்கமும் ஒரு சுத்து வந்துட்டுப் போங்க'ன்னு கும்பிடுதாங்க. நான் என்ன செய்ய? வந்தேன். உப்பு கூடிப்போச்சு. எடை மேடையில லாரி வரிசை கட்டி நிக்கி. எடை போடுற ஆளு எங்கன்னு மேனேஜர் கத்துதாரு. எடை போடுற ஆளு கயத்தாறு தாண்டிட்டான்."

"திருச்செந்தூர் ரோட்டுல போனவரு கயத்தாறுக்கு எப்படிவே போனீரு? அது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம்."

"திருப்பத்துல பிரேக்கு பிடிக்கல அண்ணாச்சி. கயத்தாறுல காத்தாடி இருக்குல்லா, கரண்டு எடுக்கிற காத்தாடி? நான் போன போக்குல அத்தனையும் எதிர்த்திசையில சுத்த ஆரம்பிச்சுட்டு. அன்னைக்கு ஊரு பூரா பல்பு அணைஞ்சு எரியல, எரிஞ்சு அணையல. ஏதோ ஒரு மாதிரி கருப்பா எரிஞ்சுதாம்."

கனி இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திட்டுப் பாக்கேன், என் நிழலைக் காணோம். பத்து நிமிஷம் கழிச்சு வருது. மூச்சு வாங்கிக்கிட்டு."

"அதுக்குத் தண்ணி குடுத்தியா?" என்றாள் கனி.

"சோடா குடுத்தேன். நிழலு பாருங்க, கலரு குடிக்காது."

வியாகப்பருக்கே உதட்டோரம் துடித்தது. இருமி மறைத்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். 'ங்ங்ங்' சத்தம் நின்றிருந்தது. பச்சைத் திரைக்குக் கீழே இரண்டு வெள்ளைச் செருப்புகள் தெரிந்தன. அசையவில்லை.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த மடையனுக்கு என்ன சொல்லியிருந்தாள் அவள்? பதினைந்து நாள் ஓடக்கூடாது, நீந்தக்கூடாது, பெடலில் கால் வைக்கக்கூடாது. வியாகப்பர் போன தடவை இதே பெஞ்சில் இருந்து தன் காதால் கேட்டதுதான். இப்போது இவன் செவ்வாய், வியாழன் என்று நாள் நட்சத்திரத்தோடு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

"வே, போதும்" என்றார்.

"இருங்க அண்ணாச்சி, ஓட்டத்தைச் சொல்லலையே."

"சொல்லவேண்டாம்."

"முந்தாநாள் காலையில. அதான் கடைசி. கேளுங்க. பதினொரு கிலோமீட்டர் ஓடிட்டு வீட்டு வாசலுக்கு வந்து நிக்கேன். வாசப்படியில ஒருத்தன் குனிஞ்சு ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருக்கான். யாருடான்னு பாத்தா, நான்."

"நீயா?" என்றாள் கனி.

"நாந்தான். இன்னும் கிளம்பல. போறதுக்கு முன்னாலேயே திரும்பி வந்துட்டேன். 'ஏலே கொம்பையா, எம்புட்டு நேரம் கட்டுவே? சீக்கிரம் கிளம்பு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். அப்புறம்தான் அவன் கிளம்பினான்."

கனி முன்னால் சாய்ந்துவிட்டாள். "ஐயோ, கழுத்து, ஐயோ, ஏ தம்பி!"

திரை விலகியது.

மெர்லின் டாக்டரம்மா சின்னப் பெண். முப்பது இருக்கும். சிரிக்கவில்லை. கையில் கொம்பையாவின் அட்டை.

"கொம்பையா அங்கிள். பதினஞ்சு நாள் காலை அசைக்கக்கூடாதுன்னு சொன்னேனா?"

"சொன்னீங்கம்மா."

"செவ்வாக்கிழமை நீச்சல். வியாழக்கிழமை சைக்கிள். முந்தாநாள் ஓட்டம். எல்லாம் கேட்டுச்சு. இந்த ஃபார்ம்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" அட்டையைப் புரட்டினாள். "ஓங்கல் வேற இடிச்சிருக்கு. கொசுவலை கட்ட ஸ்டூல்ல ஏறினப்போ பிடிச்சதுன்னு எங்கிட்ட சொன்னீங்க?"

"ஓங்கல் இடிச்சுதும்மா. கொசுவலை அதுக்குப் பிறகு" என்றான் கொம்பையா. குரல் இறங்கியிருந்தது.

மணி பதினொன்று முப்பத்தெட்டு.

நாலு வார்த்தை போதும். 'அம்மா, நான் வீட்டிலதான் கிடந்தேன்.' சொன்னால் கையெழுத்து. வியாகப்பர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பையா கனியைப் பார்த்தான். வியாகப்பரைப் பார்த்தான். படிவத்தைத் தொட்டுப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அந்த வழியில் அதற்குப் பழக்கம் இல்லை.

"அம்மா, நீங்க சொன்ன சொல்லை நான் மீறுவனா? அம்புட்டையும் ஒத்தக் கால்லதான் செஞ்சேன். வலது கால்ல. இடது காலை வீட்டுல கட்டில்லயே விட்டுட்டுத்தான் போனேன்."

கனி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். வியாகப்பர் சிரித்துவிட்டார். தோள் சுளீர் என்றது. அதையும் சேர்த்துச் சிரித்தார்.

டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டாள். "இடது காலை வைங்க."

வைத்தான். கட்டைவிரலால் கெண்டைச் சதையை மேலிருந்து கீழ்வரை அழுத்தினாள். ஒரு இடத்தில் நிறுத்தி நன்றாக அழுத்தினாள். கொம்பையாவுக்கு ஒன்றுமில்லை. நுனிக்காலில் நிற்கச் சொன்னாள். இருபது தடவை ஏறி இறங்கச் சொன்னாள். அதற்கும் ஒன்றுமில்லை.

"அங்கிள், இந்தக் கால் பதினஞ்சு நாளா தெருமுனைக் கடைக்குக்கூடப் போகல."

கொம்பையாவின் பொய் மொத்தமும் ஒரு கட்டைவிரலில் நசுங்கிவிட்டது என்றுதான் வியாகப்பர் நினைத்தார்.

கொம்பையா நிமிர்ந்தான். "அதைத்தானேம்மா நானும் சொன்னேன்? அது வீட்டுலதான் இருந்துச்சுன்னு?"

இது தாங்காது. முப்பது வருஷம் கப்பல்களை இழுத்தவர் வியாகப்பர். இவனை அப்படியே விட்டுவிட முடியுமா? "டாக்டரம்மா, வலது காலையும் அமுக்கிப் பாருங்க. இலங்கைக்கும் கயத்தாறுக்கும் போய்ட்டு வந்த காலு. வலிக்கணும்லா?"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வலிக்கிறது என்றால் கையெழுத்து இல்லை. வலிக்கவில்லை என்றால் நீந்தியதும் மிதித்ததும் ஓடியதும் புளுகு. ச்சே, என்ன வாய் நம் வாய் என்று இருந்தது. திரும்ப எடுக்கவும் முடியாது.

வலது கால் முக்காலிக்கு ஏறியது. கட்டைவிரல் அழுத்தியது.

கொம்பையா சத்தம் போடவில்லை. ஆனால் போட ஆசைப்பட்டான், அது மூன்று பேருக்கும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கன்னம் உப்பியது. ஒரு 'ஐயோ' உள்ளே முட்டிக்கொண்டு நின்றது. கனி ஆசையோடு பார்த்தாள். "வலிக்குதா தம்பி? வலிக்கத்தானே செய்யும்?"

டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "சொல்லுங்க அங்கிள். வலி இருக்கா?"

கொம்பையா படிவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இல்லம்மா" என்றான் கொம்பையா.

அத்தனை சின்னக் குரல் அவனிடம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. வியாகப்பர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா பேனாவைத் தேடினாள். கொம்பையா தன் முழங்காலையே மேசையாகக் கொடுத்தான். கையெழுத்து விழுந்தது. சீலும் விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்தேழு.

"சனிக்கிழமை வரைக்கும் லேசான நடைதான். கனி ஆன்ட்டி, நீங்க உள்ள வாங்க." திரை மூடியது. 'ங்ங்ங்' தொடங்கியது.

கொம்பையா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசலுக்குப் போனான். படி வரைக்கும் போய்விட்டான். அங்கேயே நின்றான். முதுகு குலுங்கியது. வியாகப்பர், அழுகிறானோ என்று ஒரு கணம் பயந்தார்.

திரும்பினான். முகம் முழுக்கப் பல்.

"அண்ணாச்சி! அந்தம்மா அமுக்கின அமுக்குல வலது கால் எலும்பு மூணு துண்டாப் போயிட்டு. நான் ஒரு சத்தம் விட்டனா பாத்தீங்களா?"

"என்ன சொன்னீங்க அங்கிள்?" திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கொம்பையா ஓடினான்.

வியாகப்பர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். ரோட்டில் ஸ்டேடியம் போகிற டவுன் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. கொம்பையா கையைக் காட்டவில்லை, கத்தவில்லை. தலை ஆடாமல், தோள் ஆடாமல், இரண்டு காலும் சமமாக விழ ஓடினான். முப்பது கிலோமீட்டர், நாற்பது கிலோமீட்டர் என்று மாசக்கணக்கில் ஓடிப் பழகாதவனுக்கு அந்த ஓட்டம் வராது. வியாகப்பருக்குக் கண் மங்கல் இல்லை. பஸ்ஸின் பின்பக்கம் வந்தது. நடுப்பக்கம் வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து ஹாரன் அடித்தான். மார்க்கெட் திருப்பத்தில் கொம்பையா முன்னால் திரும்பினான். பஸ் பின்னால் திரும்பியது.

"ஏலே!" என்றார் வியாகப்பர், காலி பெஞ்சைப் பார்த்து.

டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தாள். "என் பேனாவையும் எடுத்துட்டுப் போயிட்டாரே. தாத்தா, அவரு எங்க?"

வியாகப்பருக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. ஓடியது அவர் இல்லை என்றாலும்.

"டவுன் பஸ்ஸை முந்திப் போயிட்டாம்மா" என்றார்.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களுமா?"