முளைத்ததா, முளைக்கவில்லையா?

இந்த வழக்கைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. நீங்களும் கொஞ்சம் சுற்றுங்கள்.

தளி என்ற ஊருக்குப் பக்கத்தில் நஞ்சம்மாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மாட்டெரு போட்டு, இடையில் மொச்சை விதைத்து ராகி விளைவிப்பவள். பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் ஒரு கம்பெனி அந்த நிலத்தைப் பத்து வருடக் குத்தகைக்குக் கேட்டு நச்சரித்தது. இந்த ராகி விலைபோகாவிட்டால் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் பெங்களூரில் பீர் காய்ச்சும் ரூபன் வந்தான். வெளிநாட்டுப் பார்லி வாங்கி அலுத்தவன். இனி பக்கத்து மண்ணின் தானியத்தில்தான் காய்ச்சுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நிலத்தைப் பார்த்து மகிழ்ந்து ஊர் திரும்பியதும், "முளைகட்ட ராகி, பத்து மூட்டை" என்று செய்தி அனுப்பினான்.

கைக்குழந்தைக் கஞ்சிக்கு ராகியை முளைகட்டாத வீடு அந்தப் பக்கம் ஏது? பீருக்கும் அப்படித்தான் போல என்று நினைத்தாள் நஞ்சம்மா. பத்து மூட்டையையும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்துப் புடைத்தாள். கஞ்சிக்கென்றால் வறுப்பாள். பத்து மூட்டையை வறுக்க வாணலிக்கு எங்கே போவது? வறுக்காமலே அனுப்பிவிட்டாள்.

ரூபன் நூறு மணிகளை ஈரத்துணியில் வைத்து மூன்று நாள் காத்திருந்தான். பிறகு போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணுகூட முளைக்கலையே! செத்த தானியத்த அனுப்பிட்டீங்க."

"எல்லாம் முளைச்சுதுப்பா. என் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன். முளைக்கலை!"

"முளைச்சுது!"

மூட்டைகளைத் திருப்பியனுப்ப அவன் லாரி பிடித்தான். இவள் குத்தகைப் பத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

இருவருமே பொய் சொல்லவில்லை. அப்படியென்றால், இதில் யார் செய்தது சரி?

விடை: நஞ்சம்மா செய்ததுதான். தானியத்தை முளைகட்டி உலர்த்தினால்தான் பீர் காய்ச்ச முடியும். முளைகட்டுவதற்கான ராகியைத்தான் ரூபன் கேட்டிருந்தான்; அவன் செய்யவேண்டிய வேலையை அவளே முடித்துக் கொடுத்துவிட்டாள். வறுத்திருந்தால் மாவை இனிப்பாக்கும் சத்து போயிருக்கும், நல்லவேளை, வறுக்கவில்லை. ரூபனின் சோதனை முளைகட்டாத தானியத்துக்கு உரியது; ஒருமுறை முளைத்து உலர்ந்தது மறுபடி முளைக்காது. லாரியில் ஏற்றும்போது ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்றான், இனித்தது. உடனே போனை எடுத்தான். "அக்கா, ஏற்கெனவே முளைகட்டினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முளைச்சுது, முளைச்சுதுன்னு வேற என்னப்பா சொன்னேன்?" என்றாள் நஞ்சம்மா. மூட்டைகள் லாரியிலிருந்து இறங்கின, ரோஜாக் கம்பெனி வேறு நிலம் தேடிப் போனது.