தேய்ந்த பெடல்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயது, சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று.

குரு ஷமீலா, கார் ஓட்டக் கற்றுத்தருபவர். சிஷ்யை திலகவதி, வாரம் மூன்று நாள் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர். ஆட்டோக்காரர்கள் காலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். அந்த எரிச்சலில்தான் திலகவதி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த ஒன்றை நம்பித்தான் திலகவதி வண்டியை நகர்த்தினார். பக்கத்தில் ஷமீலா வெள்ளரிப்பிஞ்சு கடிக்கும் சத்தம் கேட்கும். சாலையை விட்டுக் கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்க்க இவருக்குத் தைரியம் வந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. கார் சட்டென்று நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் திலகவதி வண்டியை அங்கேயே விட்டு இறங்கிவிட்டார்.

"இது எனக்குச் சரிப்படாது டீச்சர். விட்டுடறேன்."

லைசென்ஸ் டெஸ்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஷமீலா திட்டவில்லை, கெஞ்சவுமில்லை.

"நாளைக்கு ஒரு இடத்துக்குப் போலாம்க்கா. நானே ஓட்டறேன்."

போன இடம் பழைய வாகனங்களின் அருங்காட்சியகம். கை ரிக்‌ஷா, டிராம், நீராவி எஞ்சின் எதையும் ஷமீலா நின்று பார்க்கவில்லை. நேராக ஒரு பழைய பஸ்ஸிடம் கூட்டிப்போனார். கதவோரம் பலகை மாட்டியிருந்தது: மலைப்பாதை, இருபத்தாறு வருடம், ஒரே டிரைவர், ஒரு விபத்துகூட இல்லை.

திலகவதி பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவர். பயம்னா என்னன்னே தெரியாதுபோல."

"குனிஞ்சு கீழ பாருங்கக்கா."

குனிந்தார். ஆக்சிலேட்டர் பெடலில் வரிகள் புதிதுபோல் இருந்தன. பிரேக் பெடலில் ஒரு வரிகூட மிச்சமில்லை. இரும்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து, வழவழவென்று, கரண்டிபோல் குழிந்திருந்தது.

"இவ்வளவு பயந்தாரா?"

"தினமும்."

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு. ஆனால் உடனே முகம் வாடிவிட்டது.

"அவர் பிரேக்கை அவரே மிதிச்சாரும்மா. எனக்கு நீங்கல்ல மிதிக்கிறீங்க? நேத்து அந்த சைக்கிள்காரப் பையன் பொழச்சது உங்க காலாலதானே? ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

ஷமீலா பையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து, பாதியை ஒடித்து அவரிடம் கொடுத்தார்.

"பத்து நாளா நான் சீட்டு மேல சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வரேன்க்கா. நேத்தும் அப்படித்தான்."

திலகவதி வெள்ளரிப்பிஞ்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சாவிக்காக வலது கையை நீட்டினார்.