சன்னல் இல்லாத பக்கம்

வலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தவர் சந்தியாகு. கரையில் சிரிக்காதவர்கள் இல்லை. "கயிறு இழுத்த கைக்குப் படம் வரையக் கேக்குதாக்கும்" என்று கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்குக் குரு ஞானப்பூ. கிறிஸ்தவக் கோயில் திரைச்சீலைகளில் சிறகு வைத்த சம்மனசுகளை வரைகிறவள். அவரைவிடப் பத்து வயதாவது இளையவள். சீடனை அவள் அண்ணாச்சி என்பாள். குருவை அவர் டீச்சர் என்பார்.

ஒருநாள் மத்தியானம், ஈரம் காயாத படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கடல் என்னை ஏமாத்துது."

"என்ன செஞ்சுது?"

"நிக்க மாட்டேங்குது. பச்சையைக் குழைச்சு முடிக்குமுன்ன நீலமாயிடுது. நீலத்தைத் தொட்டா சாம்பலாயிடுது. வானமும் அதோட கூட்டு. நிக்காத ஒண்ணை எப்படி வரையுறது?"

ஞானப்பூ படத்தை வாங்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"கித்தேரி மைனி பாத்தாளா?"

சந்தியாகுவின் முகம் இறங்கிவிட்டது.

கித்தேரி அவர் மனைவி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டு, இனி அக்கடா என்று உட்காரலாம் என்ற நேரத்தில் படுக்கையில் விழுந்தவள். ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மனசு நோகாம வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

அந்தக் கரையில் யாரும் வீட்டுக்குக் கடல் பக்கம் சன்னல் வைக்கமாட்டார்கள். வைத்தால் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும், மணல் சோற்றுப்பானை வரைக்கும் வந்துவிடும். கித்தேரியை வெளியே தூக்கிவரலாம் என்றால், கட்டிலை விட்டு அசைத்தாலே உயிர்போகிற வலி. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் கிடந்தும் அவளால் கடலைப் பார்க்க முடியாது.

"இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று தினமும் அவரைக் கேட்பாள்.

வாயால் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால்தான் வரையக் கற்றுக்கொண்டார். அவள் கண்மூடுமுன் ஒருதடவையாவது கடலைக் கொண்டுவந்து காட்டிவிட வேண்டும். அவர் செபமெல்லாம் அது ஒன்றுதான்.

"பாத்தா டீச்சர். நல்லா இருக்குன்னுதான் சொன்னா. சொன்ன வாயோட, 'இது காலையில உள்ள கடல்லா? இப்ப எப்படி இருக்கு?'ன்னு கேக்கா. திரும்பவும் பலகையைத் தூக்கிட்டு ஓடுறேன். வரைஞ்சு கொண்டுவந்தா, அதுக்குள்ள அதுவும் பழசாயிடுது."

"நாள் முழுக்கக் கரையிலதானா?"

"பின்ன? விடியுமுன்ன போனா, படத்தைக் காட்ட எட்டிப் பாக்குறதோட சரி, இருட்டினப்புறம்தான் வீடு. கஞ்சி கொடுக்கத் தங்கச்சி இருக்கா."

ஞானப்பூ செருப்பை மாட்டினாள். தூரிகை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"வாங்க அண்ணாச்சி, மைனியைப் பாத்துட்டு வருவோம்."

கித்தேரி செபமாலையை விரலில் சுற்றியபடி படுத்திருந்தாள். கூரையில் இருந்த ஒரே கண்ணாடி ஓட்டின் வழியாக அவள் போர்வை மேல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது.

"வா தாயி. உன் சீடப்பிள்ளை எப்படி வரையுறாக?"

"நீங்கதான் மைனி சொல்லணும்."

"குறை சொல்லக்கூடாது. ஆனா இவுக கடல்ல குழம்புக்கு ஒரு மீன் தேறாது."

ஞானப்பூ வாய்விட்டுச் சிரித்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மைனி, இப்பக் கடல் எப்படி இருக்கு?"

சந்தியாகு திகைத்துப்போனார். "அவளை எதுக்குக் கேக்கீங்க டீச்சர்? அவ எங்க பாத்தா?"

ஞானப்பூ கையமர்த்தினாள். கித்தேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"காத்து திரும்பிட்டு. இப்பக் கடல்ல இருந்து வருது. ஒரு அலை விழுந்து முடியுமுன்ன அடுத்தது விழுது. அப்போ கரையோரம் கலங்கி, கருப்பட்டிக் காப்பி மாதிரி கிடக்கும். அதுக்கு அங்கிட்டு கரும்பச்சை. ஓட்டு வெளிச்சம் வந்து வந்து போகுது பாரு, மேகம் துண்டு துண்டா ஓடுது. அதோட நிழலும் தண்ணி மேல ஓடும். ஆடு மேயுற மாதிரி."

சந்தியாகு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார்.

கரையோரம் கருப்பட்டிக் காப்பி நிறம். அதற்கு அப்பால் கரும்பச்சை. மேகங்களின் நிழல் தண்ணீர் மேல் கூட்டமாய் மேய்ந்துகொண்டிருந்தது. இத்தனை படம் வரைந்தும் அந்த நிழல்களை அவர் ஒருதடவைகூட வரைந்ததில்லை.

மெதுவாகத் திரும்பி வந்தார்.

"எப்படிடீ?"

"நீங்க கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் நான் தூங்கினேன்னா நினைச்சீக? படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். அலை எப்படி விழுது, காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தான, நீங்க பத்திரமா கரையேற ஒரு மெழுகுதிரி போதுமா, ரெண்டு கொளுத்தணுமான்னு தெரியும்."

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா தினமும் என்னைக் கேட்டே?"

கித்தேரி போர்வையின் நூலைத் திருகினாள்.

"கேட்டாத்தான உள்ள வாரீக."

சந்தியாகு கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வளையல் கழன்று விழாமலிருக்க அதில் தடிமனாக நூல் சுற்றியிருந்தது. எப்போது சுற்றினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞானப்பூ எழுந்தாள். வழியனுப்ப வாசல்வரை வந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ கரைக்குப் போக வேண்டாமா டீச்சர்? இன்னும் ஒரு கடல்கூடச் சரியா வரையலையே."

"வரையலாம். கடல் எங்கயும் போயிடாது, அண்ணாச்சி."