நெல்லிக்காய் வகுப்பு

மூங்கிலும் தேக்கும் மண்டிக்கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. சுவர் கிடையாது, கூரை கிடையாது. மணி மட்டும் உண்டு. காலையில் ஒரு மரங்கொத்தி வந்து பட்டமரத்தில் டொக்டொக்கென்று தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அந்தப் பள்ளிக்குப் பூங்காவனம் என்ற மந்தி புதிய ஆசிரியையாக வந்தாள். குரங்குக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது என்பீர்கள். பூங்காவனத்தின் கையும் காலும் அப்படித்தான். ஆனால் அவள் கண்கள் ஒரு பிள்ளையின் மேல் விழுந்துவிட்டால் லேசில் நகராது. அப்படிப் பார்க்கத் தெரிந்த ஆசிரியை கிடைப்பது பெரிய கொடுப்பினை.

வகுப்பில் பலவகைப் பிள்ளைகள். சொக்கி என்ற அணில், கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். பன்றிக்குட்டிக்கு உட்கார்ந்த இடம் சுடும். புள்ளிமான் குட்டி பக்கத்தில் இருப்பவன் சொன்னதையே சொல்லும். கடைசி வரிசையில் மாரப்பன் என்ற காட்டெருமைக் கன்று உட்கார்ந்திருப்பான். அவன் எதுவுமே சொல்லமாட்டான்.

"புரிஞ்சுதா?" என்று பூங்காவனம் கேட்டால், "புரிஞ்சுது டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் ராகம் போடுவார்கள். மாரப்பனின் வாய் மட்டும் அசையாது.

"என்னப்பா மாரப்பா, நீ சொல்லு."

மாரப்பன் தலையைத் தூக்குவான். காதை ஆட்டுவான். அதற்குள் சொக்கி பதிலைச் சொல்லி முடித்திருப்பாள். வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கோடை வந்தால் பள்ளத்தாக்கில் தண்ணீர் வற்றிவிடும். செந்நாய்கள் கூட்டங்கூட்டமாக வரும். ஆகையால் எல்லா விலங்குகளும் மலைமேல் இருக்கும் சோலைக்குக் கிளம்பிப் போகும். வழிநெடுக ஆபத்து. பரீட்சையில் தேறாத பிள்ளையைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தேறியதா இல்லையா என்று முடிவு செய்பவர் தலைமையாசிரியர் கரடியார்.

கரடியார் நல்லவர்தான். ஆனால் அவசரக்காரர். அவர் கணக்கில் சட்டென்று சொல்பவன் அறிவாளி, தாமதிப்பவன் மண்டு. கேள்வி கேட்பார், பதில் வரவில்லையென்றால் உள்ளங்கையால் பாறையில் ஒரு தட்டு, "அடுத்து" என்று ஓர் உறுமல். மாரப்பனை இரண்டு பரீட்சைகளில் அப்படித் தட்டித் தள்ளியாயிற்று. கோடைக்கு முன் இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் மாரப்பனின் தாய் பூங்காவனத்தைத் தேடி வந்தாள். மலைபோல் நின்ற அந்தக் காட்டெருமையின் குரல் உடைந்திருந்தது.

"டீச்சரம்மா, இந்தத் தடவையும் இவன் தேறலைன்னா மேல வரக்கூடாதுன்னுட்டாங்க. இவனை விட்டுட்டு நான் போகமாட்டேன். ரெண்டு பேரும் இங்கேயே கிடக்கறோம். நாய் வந்தா வரட்டும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றாள் பூங்காவனம். "அவன் வீட்டிலயும் பேசறதே இல்லையா?"

"நல்லா பேசுவானே. நீங்க காலையில நடத்தினதைப் பொழுது சாய்ஞ்ச பிறகு தங்கச்சிகிட்ட ஒண்ணுவிடாம சொல்லிக்கிட்டிருப்பான். பள்ளிக்கூடம் வந்தாத்தான் வாய் கட்டிப்போகுது."

பூங்காவனம் யோசித்தாள். மறுநாள் பாடத்தின் நடுவில், "எந்தத் தண்ணியைக் குடிக்கக்கூடாது?" என்று கேட்டாள். சொக்கி பறந்துகொண்டு வந்தாள். "கலங்கின தண்ணி டீச்சர்." வகுப்பும் "கலங்கின தண்ணி" என்று கூடவே பாடியது. பூங்காவனம் தலையசைத்து அதோடு விட்டுவிட்டாள். ஆனால் மாரப்பனை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உச்சிவெயில் ஏறிய நேரம். பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். மாரப்பன் மெல்ல நடந்து அவளிடம் வந்தான்.

"டீச்சர், கலங்கின தண்ணியைக் குடிக்கலாம். யானை இறங்கினா கலங்கத்தான் செய்யும். தெளிவா இருந்தும் அதுல தவளை, மீன், பூச்சி எதுவுமே இல்லைன்னா, அதைத்தான் குடிக்கக்கூடாது."

பூங்காவனம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் பாடத்தில் சொன்னதைவிட இது நல்ல பதில். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. 'இவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் இவனைத் தாண்டிப் போயிருக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டாள்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"காலையில பதில் இன்னும் வரலை டீச்சர்" என்றான் மாரப்பன்.

மறுநாள் வகுப்பில் ஒரு புது வழக்கம் வந்தது. பூங்காவனம் பன்றிக்குட்டியைக் கூப்பிட்டாள்.

"நீ ஓடிப்போய் நெல்லிமரத்தடியில காய் பொறுக்கிட்டு வா. தினமும் இது உன் வேலை."

உட்காரச் சொன்னால்தானே அவனுக்குக் கஷ்டம்? ஓடச் சொன்னால் சிட்டாய்ப் பறந்தான். காய் வந்ததும் ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"இனிமே நான் கேள்வி கேட்டதும் எல்லாரும் நெல்லிக்காயை வாயில போட்டுக்கணும். மென்னு தின்னு முடிச்சு, கொட்டையைக் கையில எடுத்துக் காட்டினவங்கதான் பதில் சொல்லலாம். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. நானும்தான்."

சொக்கிதான் பாவம். காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "கழ்க்கே ழ்டீச்சர்" என்று ஏதோ உளறினாள்.

"கொட்டை எங்கே?"

சொக்கி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மென்றாள். மென்று முடிக்கும்போது அவள் முகம் மாறியது. "டீச்சர், நான் சொல்ல வந்தது தப்பு" என்றாள் மெதுவாக. இப்படி அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. பூங்காவனம் அவளைத் தட்டிக்கொடுத்தாள். "தப்புன்னு நீயே கண்டுபிடிச்சே பாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம்."

புள்ளிமான் குட்டிக்கும் பக்கத்தில் காதைத் தீட்டிக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லோர் வாயிலும் காய். வேறு வழியில்லாமல் சொந்தமாக யோசிக்கத் தொடங்கியது. மாரப்பனோ எல்லோரும் கொட்டையைக் காட்டிய பிறகும் மென்றுகொண்டே இருப்பான். பூங்காவனம் அவனுக்காகப் பொறுத்திருப்பாள். கை பரபரக்கும், வால் துடிக்கும், கிளைக்குக் கிளை தாவ வேண்டும்போல் இருக்கும். இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். குரங்காய்ப் பிறந்துவிட்டு அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? அவள் இருந்தாள். மாரப்பனின் வாயிலிருந்தும் பதில் வரத் தொடங்கியது.

விஷயம் கரடியாரின் காதுக்குப் போயிற்று. அவர் புதரை முறித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பூங்காவனம், பள்ளிக்கூடம் நடத்தறியா, பந்தி நடத்தறியா?"

"பிள்ளைங்க யோசிக்க நேரம் வேணும் ஐயா. அதுக்குத்தான்."

"நேரமா? வழியில நெருப்பு வந்தா நெல்லிக்காய் தின்னுக்கிட்டு உட்கார முடியுமா?"

"நெருப்பு வரும்போது யோசிக்க முடியாதுங்க ஐயா. அதனாலதான் இப்பவே யோசிக்கறோம்."

கரடியாருக்கு அது பிடிக்கவில்லை. "என் பரீட்சையில தின்பண்டம் கூடாது. எந்தப் பிள்ளை வாயிலயும் எதுவும் இருக்கக்கூடாது. சொல்லிட்டேன்" என்று போய்விட்டார்.

அன்று பூங்காவனத்துக்கு ஒரே யோசனை. அவசரக்காரக் கரடியாரின் முன்னால் மாரப்பனுக்கு யோசிக்க நேரம் எப்படிக் கிடைக்கும்? கேள்வி கேட்பார், பாறையைத் தட்டுவார், முடிந்தது கதை. மாரப்பனும் அவன் தாயும் பள்ளத்தாக்கிலேயே நிற்பார்கள். கரடியாரை எதிர்த்துப் பேசிப் பயனில்லை. அவர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். எந்தப் பிள்ளை வாயிலும் எதுவும் இருக்கக்கூடாது. பிள்ளை வாயில்தானே? அவள் மெல்லச் சிரித்துக்கொண்டு மலைத்தேன் தொங்கும் பாறையைப் பார்த்துக் கிளம்பினாள்.

பரீட்சை நாள் வந்தது. கரடியார் பாறையில் அமர்ந்தார். பெற்றோர்கள் சுற்றிலும் நின்றார்கள். மாரப்பனின் தாய் எல்லோருக்கும் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கேள்விகள் சரசரவென்று போயின. சொக்கி தேறினாள். பன்றிக்குட்டி தேறினான். புள்ளிமான் குட்டியும் தட்டுத்தடுமாறித் தேறியது.

"டேய் மாரப்பா, முன்னால வா. கிழக்கே புகை கிளம்புது. எந்தப் பக்கம் ஓடுவே?"

மாரப்பன் தலையைத் தூக்கினான். காதை ஆட்டினான். கரடியாரின் கை பாறையைத் தட்ட எழுந்தது.

அதே நொடியில் பூங்காவனம் குதித்து முன்னால் வந்தாள். பெரியதொரு தேனடையை எழுந்த அந்தக் கையிலேயே வைத்தாள்.

"ஐயா, காலையிலேர்ந்து தொண்டை வறளக் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கீங்க. பிள்ளைங்க சார்பா இது."

தேன் விரலிடுக்கில் வழிந்தது. கரடி எங்கேயாவது தேனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறதா? கரடியார் ஒரு கடி கடித்தார். அடையின் மெழுகு பல்லோடு பல்லை ஒட்டிக்கொண்டது. "அடுத்து" என்று சொல்லப் பார்த்தார். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. தேன் சொட்டும் கையால் பாறையைத் தட்டவும் மனம் வரவில்லை. சரி, இதை முடித்துவிட்டுத் தட்டலாம் என்று மென்றார்.

காடே அமைதியாக இருந்தது. கரடியார் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

மாரப்பன் கிழக்கே பார்த்தான். மேற்கே பார்த்தான். பிறகு கீழே ஓடைப் பக்கம் பார்த்தான். தேனடை பாதியாயிற்று. சொக்கியின் வாய் திறந்தது. 'மேற்கே' என்பது அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவளும் மேற்குப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைத் தானாகவே மூடிக்கொண்டாள்.

தேனடை கால்பங்காயிற்று. பூங்காவனம் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். வேறு தேனடை அவளிடம் இல்லை. கரடியார் கடைசித் துண்டையும் வாயில் போட்டார்.

"ஐயா" என்றான் மாரப்பன்.

அவன் தாய் கண்ணைத் திறந்தாள்.

"கிழக்கே புகைன்னா மேற்கே ஓடணும்னு பாடத்தில இருக்கு. ஆனா நம்ம காட்டில மேற்கே மேடு. மேடெல்லாம் காய்ஞ்ச மூங்கில். நெருப்பு மேட்டில ஏறினா நம்மைவிட வேகமா ஏறும், பின்னாலேயே வந்து பிடிச்சிடும். அதனால மேற்கே போகக்கூடாது. தெற்கே இறங்கி ஓடை மணலுக்குப் போயிடணும். அங்க எரியறதுக்கு ஒண்ணுமில்லை."

கரடியார் மெல்லுவதை நிறுத்தினார். மேற்கே திரும்பினார். மேட்டில் மூங்கில் காய்ந்து மஞ்சள் பாரித்து நின்றது. எத்தனை கோடைகளாக அந்த வழியாகத்தான் அவர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு கோடையில் நெருப்பு வந்திருந்தால்? அவர் வாயில் இருந்ததைப் பாடுபட்டு விழுங்கினார்.

"ஏண்டா, போன பரீட்சையிலயும் இதே கேள்விதானே கேட்டேன்? அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

மாரப்பன் காதை ஆட்டினான். மறுபடியும் பேசாமல் நின்றான்.

கரடியாரின் வாயில் இப்போது தேன் இல்லை. கை பாறைக்கு மேலே எழுந்தது. அங்கேயே சற்று நின்றது. பிறகு மெல்ல அவர் மடியில் இறங்கியது. அவர் காத்திருந்தார். பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திறக்கத்தான் போனேன் ஐயா" என்றான் மாரப்பன். "அதுக்குள்ள நீங்க அடுத்தவன்கிட்ட போயிட்டீங்க."

கரடியார் வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் கூட்டம் மூங்கில் மேட்டு வழியே போகவில்லை. ஓடை மணல் வழியே சுற்றிக்கொண்டு மலையேறிற்று. எல்லோருக்கும் முன்னால் கரடியார் நடந்தார். வழி பிரியும் இடங்களில் நின்று, பின்னால் தாயோடு நிதானமாக வந்துகொண்டிருந்த ஒரு கன்றுக்காகக் காத்திருந்து, அவனைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

நீதி: கேள்வி கேட்பவர் பொறுத்திருந்தால்தான் பிள்ளையின் அறிவு வெளியே வரும்.