தவசி மீசையும் கேம் பெட்டியும்

ஆவாரங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று வெளியூர்க்காரன் எவனாவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

அந்த ஊர் இளைஞர் மன்றத்தில் மூன்று பேர். தலைவர் தவசிக்கு வயது ஐம்பத்து மூன்று. அடுத்தவர் அய்யனார், வயரிங் வேலை. மூன்றாவது சீனிச்சாமி. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "இருங்க, சொல்றேன்" என்பார். இருபது வருஷமாக ஊர் காத்துக்கொண்டிருக்கிறது.

தவசியின் அக்கா மகள் கயல்விழி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கெட்டிக்காரி. பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி, நாமே எழுதும் கேமும் அதில் ஓடும்படி உள்ளே மாற்றிவைத்து, தானே ஒரு கேமும் எழுதி மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மழை வருவதற்குள் இருபது ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும். அவ்வளவுதான் கேம்.

தவசி சும்மா இருந்தாரா? பக்கத்து ஊர் புளியங்குளத்துக்குப் போய், டீக்கடையில் அளந்துவிட்டார்.

"வீட்ல செஞ்ச கேமா? அதெல்லாம் ஓடுமாய்யா?" என்று சிரித்தார் அந்த ஊர் சங்கையா.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து பாரும். ஓடலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

தவசியின் மீசை லேசுப்பட்டதா? இருபத்திரண்டு வருஷம் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தது. சங்கையா அப்போதே ஒரு நாவிதரிடம் சொல்லிவைத்துவிட்டார்.

சனிக்கிழமை கேம் ஜோராக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியைப் போட்டால், திரை கன்னங்கரேல் என்று கிடந்தது. தவசி கயல்விழிக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க மாமா. கரண்டை முழுசா கட் பண்ணிட்டுப் பத்து நிமிஷம் விடுங்க."

"முழுசான்னா முழுசாத்தான்" என்ற அய்யனார், நேரே போய் டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கினார். ஊர் முழுக்கக் கரண்டு போனது. மாவு மில் நின்றது. மில்லுக்குள் இருந்தவர்கள் திட்டிய திட்டை எழுதினால் தாள் கறுத்துவிடும். பத்தாவது நிமிஷம் ஃப்யூஸை மாட்டினார்கள். திரை அப்படியே இருந்தது.

"சரி மாமா, மெமரி கார்டை வெளிய எடுங்க. தூசி இல்லாத இடத்துல வச்சுத் துடைங்க. துடைச்சிட்டுக் கூப்பிடுங்க."

நகம் அளவு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் யோசித்தார்கள்.

"நம்ம ஊர்ல தூசி இல்லாத இடம் ஏதுடா?" என்றார் தவசி.

"கிணத்துக்குள்ள" என்றார் சீனிச்சாமி.

"தண்ணி பட்டுடுமே. ஐஸ் கடைப் பெட்டிதான் சரி. என்னிக்காவது குச்சி ஐஸ்ல தூசி பார்த்திருக்கீங்களா?" என்றார் அய்யனார்.

மறுக்க முடியவில்லை. ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு, கார்டைத் துடைத்து, சேமியா ஐஸுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்கள். அதைத் திரும்ப எடுத்து மாட்டும்படி கயல்விழி சொல்லவில்லையே! சொல்லாததைச் செய்கிற பழக்கம் ஆவாரங்குளத்தில் கிடையாது.

"துடைச்சாச்சும்மா."

"நல்லது. இப்ப இடது ஓரத்துப் பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணுங்க. மெனு வர்ற வரைக்கும் விரலை எடுக்காதீங்க."

சீனிச்சாமி அமுக்கினார். கார்டே இல்லாத பெட்டியில் மெனு எங்கிருந்து வரும்? பதினொன்றரைக்கு அமுக்கிய விரலை ஒன்றரைக்கும் எடுக்கவில்லை. சாம்பார் சாதத்தை அய்யனார் ஊட்டிவிட்டார். சீனிச்சாமியின் மூக்கில் ஈ உட்கார்ந்தது.

"அண்ணே, ஈ!"

"விரலை எடுத்தே, என் மீசை போச்சு!" என்று அலறிய தவசி, தானே ஈயை விரட்டினார். பாதி ஈயின் மேலும் பாதி சீனிச்சாமியின் மேலும் அடி விழுந்தது.

இரண்டரைக்கு மறுபடி போன். இப்போது தவசி அழுதேவிட்டார்.

"அழாதீங்க மாமா. நேத்து ஓடுச்சுல்ல? நேத்து எல்லாம் எப்படி இருந்துச்சோ, அப்படியே பழையபடி ஆக்கிட்டு ஆன் பண்ணுங்க. நான் மீட்டிங் போறேன்." போனை அணைத்துவிட்டாள் பாவி.

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். "நேத்து என்னென்ன இருந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுங்கடா."

"நான் பச்சைக் கைலி கட்டியிருந்தேன்" என்றார் அய்யனார். அது துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்தோடு கட்டிக்கொண்டார்.

"ஜன்னல்ல பக்கத்து வீட்டு ஆடு தலையை நீட்டுச்சு." ஆட்டை இழுத்து வந்து தலையை ஜன்னலுக்குள் திணித்தார்கள்.

"தூறல் போட்டுச்சு." அய்யனார் மாடியேறி இரண்டு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"தேதி சனிக்கிழமை." கிழித்துப் போட்ட தாளைத் தேடியெடுத்து, சோற்றுப் பருக்கை வைத்துக் காலண்டரில் ஒட்டினார்கள்.

"நேத்து எனக்குப் பல்வலி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் சீனிச்சாமி.

"இப்ப வலிக்குதா?"

"இல்லையே."

இருவரும் அவரை வருத்தத்தோடு பார்த்தார்கள். அய்யனார் ஓங்கி ஒரு அறை விட்டார். பல்வலி வந்துவிட்டது. நேற்று அவர் விரல் பட்டனில் இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வர, விரலை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

"கார்டு நேத்து எங்க இருந்துச்சு?"

"பெட்டிக்குள்ள."

ஓடிப்போய் ஐஸ் கடையிலிருந்து எடுத்து வந்து மாட்டினார்கள். பட்டனைத் தட்டினால், மே மே என்று இருபது ஆடுகளும் திரையில் துள்ளிக் குதித்தன!

"பல்வலிதாண்டா வேலை செஞ்சிருக்கு!" தவசி சீனிச்சாமியின் வீங்கிய கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

சரியாக நாலு மணிக்குச் சங்கையா நாவிதரோடு வாசலில் வந்து நின்றார். வெளியில் இருந்தபடியே திரையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"ஓடுதேய்யா! சரி, நீ ஜெயிச்சிட்டே" என்று காலை உள்ளே வைக்கப் போனார்.

"நில்லும்! நேத்து நீரு இங்க இல்லை. உள்ள வந்தா நின்னுடும். இந்த ரூம்ல இன்னிக்குச் சனிக்கிழமை" என்று காலண்டரைக் காட்டினார் தவசி.

"வெளிய ஞாயித்துக்கிழமையாச்சே?"

"ஆமா, வாசப்படி வரைக்கும் ஞாயிறு."

சங்கையா கொஞ்சம் யோசித்தார். புளியங்குளத்துக்காரர்களும் யோசிப்பதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. "அப்ப இது சனிக்கிழமைதானே ஓடுது? பந்தயம் ஞாயித்துக்கிழமைக்குல்ல?"

அய்யனார் வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார். "ஆமாண்ணே. ஞாயித்துக்கிழமையில எங்கயும் ஓடலை" என்றார்.

தவசி சொன்ன சொல் தவறாதவர். உதடு துடிக்க வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நாவிதர் நாலே இழுப்பில் இருபத்திரண்டு வருஷத்தையும் வழித்துவிட்டார். தவசி தேம்பித் தேம்பி அழுதார்.

"அண்ணே, எதுக்கு அழறீங்க? உள்ள வாங்க. நேத்து உங்களுக்கு மீசை இருந்துச்சே!" என்று உள்ளேயிருந்து கத்தினார் சீனிச்சாமி.

"அட, ஆமால்ல!" தவசி துள்ளிக் குதித்து உள்ளே ஓடினார். ஆசையாக மேல் உதட்டைத் தடவினார். மறுபடி தடவினார்.

"காணோமேடா!"

அய்யனார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பதறாதீங்க. நேத்து நீங்க மன்றத்துக்கு வந்ததே நாலரை மணிக்குத்தான். இப்ப மணி நாலே கால். மீசை வந்துக்கிட்டிருக்கும்."

நியாயமான பேச்சு. மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சங்கையாவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, வருகிற மீசைக்கு வழியை மறைக்கக் கூடாதே என்று நாவிதரையும் இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.