நின்னா சரியாப் போயிரும்

மதுரையில் சொந்தமாகப் பிசியோதெரபி நிலையம் வைத்த பிறகும், கோவில்பட்டியில் தான் தொழில் பழகிய அந்த ஓட்டுக் கட்டடத்தை நினைத்தால் சண்பகத்துக்கு ஏக்கமாகத்தான் இருக்கும். பத்து வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவள். குரு அருள்தாஸ் அவளைவிட ஆறு வயது இளையவர். அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார். வேடிக்கையான குருகுலம்.

ஒருநாள் காலை குருசாமி வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன். நடந்தால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதாம். சண்பகம் விசாரித்தாள், மணிக்கட்டில் நாடி பார்த்தாள், தாளில் எழுதினாள். தசைப்பிடிப்புதான் என்று முடிவுகட்டி, ஒத்தடம் கொடுக்கச் சூட்டுப் பையை எடுத்தாள்.

தாளைப் படித்த அருள்தாஸ், ஒத்தடம் அப்புறம், முதலில் மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வருவோம் என்றார். காலை நேரத்தில் இவருக்கு டீ கேட்கிறதா என்று சண்பகத்துக்கு எரிச்சல்.

தெருவில் நாலு வீடு தாண்டியதும் குருசாமி நின்றார். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படித்தார், நடந்தார். இன்னும் நாலு வீடு தாண்டி, இன்னொரு போஸ்டர். ஊரில் செத்தவர்களை எல்லாம் விசாரிக்காமல் இவர் டீக்கடை சேரமாட்டார் போலிருக்கிறது என்று சண்பகம் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது போஸ்டரில் அருள்தாஸ் கேட்டார்.

"யாரு அண்ணாச்சி இறந்தது?"

"யாரோ பெரியவர்."

அது ஒரு குழந்தையின் காதணி விழா போஸ்டர்.

குருசாமி தலையைக் குனிந்துகொண்டார். சும்மா நின்றால் கிழவனாகிவிட்டான் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம். அதனால்தான் கால் பிடிக்கும்போதெல்லாம் போஸ்டர் படிக்கிற பாவனை.

அருள்தாஸ் தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, குருசாமியின் செருப்பைக் கழற்றினார். சண்பகத்தின் விரலைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்தார். இடது பாதத்தில் துடிப்பு இருந்தது. வலது பாதம் சில்லிட்டிருந்தது. தேடித் தேடியும் துடிப்பு கிடைக்கவில்லை.

எடுத்து வைத்த சூட்டுப் பை அவளுக்கு நினைவுக்கு வந்தது. ரத்தம் ஓடாத காலில் சூடு வைத்திருந்தால் தோல் வெந்திருக்கும். அந்தப் புண் ஆறாது. காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்.

உடனே கடிதம் எழுதிக் குருசாமியைத் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் தப்பியது என்று அடுத்த வாரம் சேதி வந்தது. அன்றுதான் அவளுக்குக் கேட்க வாய் வந்தது.

"பத்து வருஷம் நாடி பாத்தவ சார் நான். எப்படிக் கோட்டை விட்டேன்?"

அருள்தாஸ் அவள் எழுதிய தாளை எடுத்து நீட்டினார். 'ஓய்வெடுத்தால் வலி குறைகிறது' என்று இருந்தது.

"அவர் இப்படியா சொன்னார்?"

"நின்னா சரியாப் போயிரும்னார். நான்தான் நல்ல தமிழ்ல எழுதினேன்."

"நடந்தா கால் பிடிக்க ரெண்டு காரணம் இருக்கலாம். முதுகு நரம்பு வலின்னா உட்கார்ந்தாத்தான் அடங்கும். ரத்தம் போகாத கால் சும்மா நின்னாலே அடங்கும். எதுன்னு பாக்கத்தான் டீக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன். அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார், அக்கா. நீங்கதான் அவரைத் திருத்திட்டீங்க."