காரை நிறுத்திய பிள்ளைப்பூச்சி

சிறுமலைக் காட்டில் ஒரு குளம். குளத்தை ஒட்டி ஒரு பழைய பங்களா. அந்தப் பங்களாவின் பின்சுவர் ஓட்டைகளில் பூச்சிகளின் ஊர் ஒன்று இருந்தது. சாணவண்டு உருண்டையப்பன் குடும்பத்தோடு இருந்தான். மரவட்டை ரயிலாண்டி இருந்தான். வெட்டுக்கிளி தாவலிங்கம் இருந்தான். கட்டெறும்பு அக்கா தன் பட்டாளத்தோடு இருந்தாள். எல்லாருக்கும் கீழே, ஈரமண்ணில், பிள்ளைப்பூச்சி சாந்தப்பன் இருந்தான்.

சாந்தப்பனுக்குக் கடிக்கத் தெரியாது. கொட்டவும் தெரியாது. வண்டுக் குஞ்சுகள் அவன் முதுகில் சறுக்கி விளையாடும். "ஓரமாப் போடா!" என்று யார் சொன்னாலும் போவான். ஏற்கெனவே ஓரத்தில்தான் இருப்பான், இன்னும் கொஞ்சம் ஒண்டிக்கொள்வான். ஒரு நாளாவது தன்னைக் கண்டு யாராவது வழிவிட வேண்டும் என்று மட்டும் அவனுக்கு ஆசை.

அந்தப் பங்களாவுக்கு ஒரு நாள் இரண்டு மனிதர்கள் வந்தார்கள். ஒருவர் ஏகாம்பரம், மற்றவர் அவர் தங்கையைக் கட்டிய கடம்பவனம். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, விளையாட்டுப் புத்தி நரைக்கவில்லை. கூடத்துத் தரையில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், கறுப்பாய், வளைந்து சுற்றி வரும் ஒரு பொம்மை ரோடு போட்டார்கள். ரோட்டில் இரண்டு பள்ளக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் பளபளவென்று தகடு. தகட்டில் கரண்டு ஓடும். காரின் வயிற்றுக்கடியில் இருக்கும் முளை பள்ளத்தில் நிற்கும். கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும்! சிவப்புக் கார் ஏகாம்பரத்துக்கு, நீலக் கார் கடம்பவனத்துக்கு. தோற்றவர் அன்றைய பாத்திரம் முழுக்கத் தேய்க்க வேண்டும்.

பூச்சிகளுக்குத்தான் சனி பிடித்தது. அடுப்பங்கரைக்குப் போகும் அவர்கள் பாதை அந்த ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் நாள் ரயிலாண்டி ரோட்டில் கால் வைத்தான். கார் வருவதைப் பார்த்துப் பயந்து, வழக்கம்போல வட்டமாகச் சுருண்டுகொண்டான். கார் இடித்தது. சுருண்டவன் காசு மாதிரி உருண்டு, கூடம் தாண்டி, வாசல் தாண்டி, குளத்தங்கரைத் தவளையின் வாய்க்கு நேரே போய் நின்றான். தவளைக்குச் சிரிப்பு வந்ததால் பிழைத்தான்!

மறுநாள் தாவலிங்கம், "தாண்ட வேண்டியதுதானே, இதுக்கென்ன பயம்?" என்று தாவினான். ரோட்டைத் தாண்டவில்லை, நீலக் காரின் மேல் உட்கார்ந்துவிட்டான். அன்று மாலைவரை சுற்று. இறங்கினபோது சுவரைப் பார்த்து, "அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டான்.

அப்படிப்பட்ட ரோட்டில் ஒரு மத்தியானம் சாந்தப்பன் மாட்டிக்கொண்டான். நடுரோட்டில் நிற்கிறான். வளைவில் சிவப்புக் கார் சீறி வருகிறது. ஓடக் கால் எழும்பவில்லை. கண்ணை இறுக மூடினான், மண்வெட்டி போன்ற முன்னங்கால்களைத் தூக்கினான், கத்தினான்.

"நில்லு!"

கார் நின்றது!

சாந்தப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் மீசைக்கு நேரே காரின் மூக்கு.

"என்ன மச்சான், கார் படுத்திருச்சா? பாத்திரம் காத்துக்கிட்டிருக்கு!" என்று மேலே கடம்பவனம் கைகொட்டினார்.

"விசையை அழுத்திக்கிட்டுத்தான் மாப்ளே இருக்கேன்! என்னமோ ஆகிப்போச்சு!" என்றார் ஏகாம்பரம்.

சுவரோரம் நின்ற பூச்சிக்கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு ஒரே ஆரவாரம். "சாந்தப்பன் காரை நிறுத்திட்டான்டா!"

அந்தக் கூச்சலில் கட்டெறும்பு அக்கா தன் பட்டாளத்தைத் திட்டியது யார் காதிலும் விழவில்லை. "அடி கூறுகெட்டவளுகளா! அல்வாத் துண்டை ரோட்டுமேல இழுத்துட்டுப் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நெய்யெல்லாம் தகட்டுல அப்பிக்கிச்சு பாருங்க!"

ஒருவன் காதில் மட்டும் விழுந்தது. சாந்தப்பன் குனிந்து பார்த்தான். தகடு நெய்யில் மின்னியது. அவன் காலெல்லாம் நெய் மணம். நெய் மறைத்தால் கரண்டு எப்படிக் காருக்கு ஏறும்?

அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் உருண்டையப்பன் வந்து, "வாங்கண்ணே, வழிவிடுங்கடா அண்ணனுக்கு!" என்றான்.

அண்ணன்! வழி! சாந்தப்பன் எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

இரண்டே நாளில் அவன் நடையே மாறிவிட்டது. பின்னால் நீண்டிருக்கும் இரண்டு வால்மயிரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"அது என்ன அண்ணே?" என்று குஞ்சுகள் கேட்டன.

"கொடுக்கு!" என்றான் சாந்தப்பன். "இத்தனை நாள் வெளிய காட்டலை. கார் அன்னைக்கு இதைப் பாத்துத்தான் நின்னுச்சு!"

"பிள்ளைப்பூச்சிக்கும் கொடுக்கு முளைச்சிருச்சு, நாடு தாங்குமா?" என்று முனகினான் ரயிலாண்டி. முனகினாலும் அவனும் வழிவிட்டான்.

அப்புறம் மழை பிடித்தது. குளம் நிரம்பிப் பின்சுவரைத் தொட்டது. கீழ் ஓட்டைகளில் தண்ணீர் ஏறியது. பிழைக்க வேண்டுமானால் கூடத்தைக் கடந்து, அந்தப் பக்கத்து விறகு அறைக்குப் போக வேண்டும். நடுவிலோ ரோடு. மழையில் வெளியே போக முடியாத இரண்டு பெரிய மனிதர்களும் விடிந்ததிலிருந்து விசையைக் கீழே வைக்கவில்லை.

எல்லாக் கண்ணும் சாந்தப்பன் பக்கம் திரும்பியது.

"உங்களை நம்பித்தான் அண்ணே பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் உருண்டையப்பன் பெண்டாட்டி. "எம் பிள்ளைக பொடிசுக. வேகமா நடக்காதுக. நீங்க காரைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டா மெதுவாக் கடந்துருவோம்."

சாந்தப்பன் தூக்கிப் பிடித்திருந்த கொடுக்கை மெல்லத் தாழ்த்தினான். "இன்னைக்கு நாள் நல்லா இல்லையே, மதனி..."

"தண்ணி நாள் பாத்தா அண்ணே ஏறுது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் 'அண்ணே' என்று கூப்பிடும்போது சொல்வது லேசா? 'நெய் இன்னும் இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரோட்டில் ஏறி, அதே இடத்தில் நின்றான். முன்னங்கால்களைத் தூக்கினான். "எல்லாரும் வாங்க!" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் வண்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ரோட்டில் இறங்கின.

அப்போதுதான் முகர்ந்து பார்த்தான். நெய் மணமே இல்லை! அன்று காலையில் ஏகாம்பரம் பழைய வேட்டித் துணியால் தகடு முழுவதையும் அழுத்தித் துடைத்துவிட்டார் என்பது இந்த வீரனுக்கு எப்படித் தெரியும்?

வளைவில் சிவப்புக் கார் தலைகாட்டியது.

"நில்லு!" என்று கத்தினான் சாந்தப்பன்.

கார் நிற்கவில்லை.

"ஐயா, நில்லுங்க!"

மரியாதைக்கும் நிற்கவில்லை!

பிள்ளைகளைக் காப்பாற்ற அவன் உயிரைக் கொடுக்கத் துணிந்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். அவன் ஒளியத்தான் பார்த்தான். திரும்பினான், பள்ளக் கோட்டைப் பார்த்தான், பிறந்ததிலிருந்து தெரிந்த ஒரே தொழிலைச் செய்தான். தோண்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டான். தலை போனது. உடம்பு போகவில்லை! பிட்டம் மேலே, கொடுக்கு அதற்கும் மேலே. அப்படியே மாட்டிக்கொண்டான்.

வந்த கார் அவன் பிட்டத்தின்மேல் ஏறியது. வயிற்றுமுளை பள்ளத்தை விட்டுக் கிளம்பியது. கார் ஆகாயத்தில் எழும்பி, இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கடம்பவனத்தின் மடியிலிருந்த அல்வாத் தட்டில் மூக்கோடு சொருகி நின்றது!

"மச்சான்! தோக்கப் போறோம்னு அல்வாவுல காரை விடறீங்களா?"

"உன் தட்டை எவன் மாப்ளே ரோட்டுப் பக்கம் வைக்கச் சொன்னான்?"

இரண்டு பேரும் விசையைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு எழுந்தார்கள். நீலக் காரும் நின்றது. மாமன் மச்சான் சண்டை சீக்கிரம் முடிகிற சண்டையா? அது முடிவதற்குள் வண்டுப் பிள்ளைகள், கட்டெறும்புப் பட்டாளம், அத்தனை காலையும் எடுத்துவைத்து ரயிலாண்டி, எல்லாரும் விறகு அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகிற போக்கில் சாந்தப்பனையும் பிடுங்கி எடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உயிர் இருந்தது. கொடுக்கு இரண்டும் போயிருந்தன.

"காரை ஆகாயத்துல தூக்கி எறிஞ்சீங்களே, அண்ணே!" என்று பூரித்தான் உருண்டையப்பன். "என் தம்பி குடும்பம் இன்னும் அந்தப் பக்கம் இருக்கு. சண்டை முடிஞ்சு ஓட்டம் தொடங்கினதும் இன்னொரு தடவை போய் நில்லுங்க!"

சாந்தப்பன் அலறிவிட்டான். "வேண்டாம் சாமி! சண்டை முடியறதுக்குள்ள ஓடி வரச் சொல்லு! அன்னைக்குக் காரை நிறுத்தினது நெய்! இன்னைக்கு நிறுத்தினது என் பிட்டம்! நான் எதையும் நிறுத்தலை!"

தாவலிங்கம் ஓடிப் போய்ச் சொல்ல, தம்பி குடும்பம் தப்பி வந்தது. கட்டெறும்பு அக்கா சாந்தப்பனின் பிட்டத்துக்கு மருந்தாகக் கொஞ்சம் நெய் கொண்டுவந்து வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா, ரோடு பூரா நாங்களே நெய் தடவி வச்சிருப்போமே, தம்பி!" என்றாள்.

தானாக நின்ற காரைத் தான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்பவன், ஓடுகிற காரின் முன்னால் ஒரு நாள் நின்றே ஆக வேண்டும்.